படுத்தால்தான் காசு

இலவச மருத்துவம் உள்ள நாடு என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தோம். 2022 நெருக்கடியில் அரச ஆஸ்பத்திரியிலேயே துண்டெழுதித் தந்து "வெளியில வாங்குங்கோ" என்றார்கள். அதற்குப் பிறகுதான் அம்மாவுக்கு மருத்துவக் காப்புறுதி எடுத்தோம். வருஷா வருஷம் கட்டுப்பணம் ஏறுது. "வயசும் ஏறுதெல்லோ பிள்ளையள்" என்கிறார் முகவர். அதுவும் சரிதான்!

ஆனால் வோர்ட்டில் படுத்தால்தான் அந்தக் காப்புறுதி காசு தரும். அம்மா படுக்கவில்லை, மாதாமாதம் பிரஷர் குளிசையும் சீனிக் குளிசையும் வாங்குகிறா, அவ்வளவுதான். போதாததுக்கு, அவை முதலே இருந்த வருத்தங்களாம். அதுகளுக்காகப் படுத்தாலும் காத்திருப்புக் காலம் முடிய வேணுமாம். எல்லாம் ஆங்கிலத்தில், எறும்பெழுத்தில்.

2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் இருக்கு, காப்புறுதியை ஒழுங்குபடுத்தக் கொழும்பில் ஆணைக்குழுவும் இருக்கு. முறையிடலாம். நாங்கள் கேட்பது அதுக்கு முந்தினது: எதுக்கெல்லாம் காசு தரமாட்டினம் என்பதைக் கையெழுத்துக்கு முதல் தமிழில் ஒரு பக்கத்தில் தரட்டும்.