சூடு இருந்தது, காற்று வரவில்லை

கனடாவில் சூ செயின்ட் மேரியைத் தாண்டி வடக்கே போகும் 17ஆம் நெடுஞ்சாலை, சுப்பீரியர் ஏரியை விட்டு விலக மனமில்லாமல் நெடுந்தூரம் ஓடுகிறது. இடப்பக்கம் தண்ணீர். வலப்பக்கம் வெடிவைத்துப் பிளந்த பாறை. அடுத்த ஊர் என்று சொல்லத்தக்க வாவாவுக்கு ஏறக்குறைய 225 கிலோமீட்டர். அகாவாவுக்கு வடக்கே இந்தச் சாலை திறந்ததே 1960இல்தான். வழி வந்துவிட்ட மகிழ்ச்சியில் அந்த ஆண்டு வாவா மக்கள் ஊர் முகப்பில் ஒரு பெரிய வாத்துச் சிலையை நிறுத்தினார்கள். பனிக்காலத்தில் இந்தப் பாதையில் ஒருமுறை போனவர்களுக்கு அந்த மகிழ்ச்சி நன்றாகப் புரியும்.

நாங்கள் போனது நவம்பர் கடைசியில். ஏரி அப்போது உறைந்திருக்காது. வடமேற்கிலிருந்து வரும் கடுங்குளிர்க் காற்று, தன்னைவிடச் சூடான நீரின்மேல் நெடுந்தூரம் வந்து ஈரத்தை அள்ளிக்கொள்ளும். கிழக்குக் கரை மலைகளில் ஏறும்போது அத்தனையையும் பனியாகக் கொட்டிவிடும். ஒரு வளைவில் வெயில் அடிக்கும், அடுத்த வளைவில் முன்னால் போகும் லொறி மறைந்துவிடும்.

வான் அண்ணையுடையது, 2006ஆம் ஆண்டு வண்டி. அண்ணை சுன்னாகத்தில் கராஜ் வைத்திருந்தவர். பிறகு ஸ்காபரோவில் பல வருடங்கள் மற்றவர்களின் வாகனங்களுக்குக் கீழே படுத்திருந்தவர். தண்டர் பேயில் லேக்ஹெட் பல்கலைக்கழகத்தில் படிக்கும் அவருடைய மகளுக்குக் குளிர் உடுப்பும் மிளகாய்த்தூளும் கொண்டுபோனோம்.

பச்சவானா விரிகுடா வரும்போது முன்கண்ணாடி உள்ளுக்குள் பூத்துவிட்டது. காற்றாடியை நாலாம் இலக்கத்தில் விட்டும் கண்ணாடி தெளியவில்லை. காற்று வரும் துவாரத்தில் அண்ணை உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

“சூடு இருக்குத் தம்பி, காத்துத்தான் வரேல்லை. ரெண்டும் ஒரே வருத்தமில்லை.”

எல்லாவற்றுக்கும் முதலில் இதைத்தான் பிரித்தறிய வேண்டும் என்று இப்போது நானும் உறுதியாகச் சொல்வேன். எஞ்சினைச் சுற்றிவரும் கூலன்ட், டாஷ்போர்டுக்குப் பின்னாலுள்ள ஒரு சின்ன ரேடியேற்றருக்குள்ளும் ஓடுகிறது. அதன்மேல் காற்றாடி ஊதுவதுதான் ஹீற்றர். காற்று பலமாக வந்து, குளிராக வந்தால் கூலன்ட் குறைந்திருக்கலாம், தெர்மோஸ்டாட் திறந்தபடி நின்றிருக்கலாம், அந்தச் சின்ன ரேடியேற்றர் அடைத்திருக்கலாம். வருகிற கொஞ்சக் காற்றும் நல்ல சூடாக இருந்தால் இவற்றில் எதையும் தொட வேண்டாம். காற்றின் வழியில்தான் எங்கோ கோளாறு. இந்த வேறுபாட்டைக் கேட்காமலே தெர்மோஸ்டாட்டை மாற்றிக் காசு வாங்கும் கராஜ்கள் உண்டு. அது எனக்குக் கோபமூட்டும் விஷயம்.

பெற்றோல் நிலையத்தின் பக்கத்தில் வானை ஒதுக்கினோம். அண்ணை முதலில் காதைத்தான் பயன்படுத்தினார். காற்றாடியை ஒன்றிலிருந்து நாலுவரை ஒவ்வொன்றாகத் திருப்பினார். சத்தம் படிப்படியாக ஏறியது. ஆகவே மோட்டார் சரி. சில பழைய வாகனங்களில் குறைந்த வேகங்கள் செத்துப்போய், உச்ச வேகம் மட்டும் வேலை செய்யும். அப்படியானால் மோட்டாருக்குப் பக்கத்திலுள்ள ரெசிஸ்டர் எரிந்துவிட்டது என்று அர்த்தம். உச்ச வேகத்துக்கு மின்சாரம் அதைத் தொடாமலே போகும். எங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

அடுத்து, வெளிக்காற்றை மறித்து உள்காற்றையே சுழற்றும் பொத்தானை அமுக்கினார். அப்போது காற்று கூடினால், கண்ணாடிக்குக் கீழே வெளிக்காற்று நுழையும் வாயில் அடைப்பு. கூடவில்லை. ஆனாலும் இறங்கி, வைப்பருக்கடியில் இறுகியிருந்த பனியையும் பைன் ஊசிகளையும் வழித்தெறிந்தோம். அந்தப் பொத்தானை உடனே பழைய நிலைக்குக் கொண்டுவந்தார். குளிர்காலத்தில் அதை அமுக்கியபடி ஓடினால், நாம் விடும் மூச்சின் ஈரமெல்லாம் கண்ணாடியில்தான் வந்து படியும். பிறகு காலுக்கு, முகத்துக்கு, கண்ணாடிக்கு என்று திசையை மாற்றிப் பார்த்தார். மூன்றிலும் ஒரே பலவீனம். திசை மாற்றும் கதவிலும் குற்றமில்லை.

எஞ்சியது, உள்ளே வரும் காற்றை வடிகட்டும் பில்ற்றர். குளோவ் பொக்ஸை வெறுமையாக்கி, இருபக்கமும் அமுக்க அது கீழே தொங்கியது. பின்னாலிருந்த தட்டை இழுத்தால், நனைந்த சாக்குத் துண்டுபோல் ஒன்று வந்தது. மேப்பிள் விதைகள், கிழித்த ரிஷூ, நடுவில் எலிக்கூடு. கோடை முழுவதும் வான் மேப்பிள் மரத்தின் கீழ் நின்றிருந்ததாம்.

நான் உதறப் போனேன். “உதறாதை!” என்று அதட்டினார். எலிக்கழிவின் தூசு மூச்சில் போனால் ஹன்ரா வைரஸ் தொற்றக்கூடும். கதவிடுக்கில் கிடந்த மாஸ்க்கையும் கையுறையையும் போட்டுக்கொண்டு, பில்ற்றரைப் பையில் முடிந்தோம். கிருமிநாசினியால் நன்றாக ஈரமாக்கிய பிறகே அந்த இடத்தைத் துடைத்தோம். காற்றாடியின் இதழ்களில் சிக்கியிருந்த இலைகளையும் எடுத்தோம்.

பில்ற்றர் இல்லாமலே மூடி, எஞ்சினைக் கிளப்பினோம். கண்ணாடி அடியிலிருந்து மேலே தெளிந்துகொண்டு வந்தது. மொன்றியல் ஆற்றுப் பக்கத்து ஏற்றத்தில் பனி எங்களை மூடியபோது அந்தக் காற்றின் அருமை தெரிந்தது. குளிரைச் சட்டையால் தாங்கலாம். பூத்த கண்ணாடிக்கு அப்பால் எதிரே வரும் லொறியைப் பார்க்க முடியாது. குளிர்காலத்துக்கு முன் ரயர் மாற்றுகிறோம், பற்றரி பார்க்கிறோம். இருபது முப்பது டொலர் பில்ற்றரைப் பலர் நினைப்பதே இல்லை. 15,000 முதல் 25,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது வழமை. மரத்தின் கீழ் நிற்கும் வண்டிக்கு நான் அதையும் நம்பமாட்டேன், இலையுதிர்காலம் முடிந்ததும் திறந்து பார்க்கவே வேண்டும்.

இரவு வாவாவில் தங்கினோம். பில்ற்றர் இல்லாமல் தொடர்ந்து ஓடினால் தூசு உள்ளே ஏசியின் குளிர்த்தகட்டில் போய் அடைக்கும், பிறகு டாஷ்போர்டையே கழற்ற நேரலாம் என்று அண்ணை அவசரப்பட்டார். காலையில் உதிரிப்பாகக் கடை திறந்ததும் வாங்கி, விளிம்பிலிருந்த அம்புக்குறியைக் காற்றோடும் திசைக்குப் பார்த்துச் செருகினார். வெளிக்காற்று வாயில் எலி நுழையாதபடி கட்ட ஒரு துண்டுக் கம்பிவலையும் வாங்கினார். மகளின் காருக்கும் ஒரு பில்ற்றர் கேட்டார்; அந்த அளவு அங்கே இல்லை. தண்டர் பேயில் எடுக்கலாம் என்று கடைக்காரர் எழுதித் தந்த இலக்கத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வானில் ஏறினார்.