மேகத்துள் ஒரு குரல்

நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால் நாடறிந்த பெயராகிவிட்ட பொட்டிப்புரத்தில் நின்று, ஆனி ஆடி மாதங்களில் மேற்கே நோக்குவோர் மலைமுடியைக் காண்பது அரிது. கேரளப் பக்கத்திலிருந்து ஏறிவரும் மேகம் முகட்டை மூடிக்கொள்ளும். மலை அங்கேதான் இருக்கிறது, கண்ணுக்குத்தான் இல்லை. கீழே ஆடு மேய்ப்பவர்க்கு இதனால் கேடொன்றுமில்லை. இறங்கிவரும் வானூர்திக்கோ மேகம் மூடிய மலையினும் கொடிய பகை வேறில்லை.

1974 டிசம்பர் 4 ஆம் நாள் இரவு நிகழ்ந்ததை நம் பெரியவர்களுள் சிலர் இன்றும் நினைவுகூரக்கூடும். இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஜித்தா நோக்கி ஹஜ் பயணிகள் 182 பேரைச் சுமந்துவந்த மார்ட்டின்ஏர் விமானம், இடையில் கொழும்பில் இறங்குவதற்காகத் தாழ்ந்தது. கொழும்பை நெருங்கிவிட்டோம் என்பது விமானிகளின் கணிப்பு. உண்மையில் அவர்கள் அந்நகருக்குக் கிழக்கே எழுபது கிலோமீட்டருக்கும் அப்பால், தமிழ்த் தோட்டத் தொழிலாளர் வாழும் மலையகத்தின்மேல் இருந்தனர். மஸ்கெலியாவை அடுத்த ஏழு கன்னியர் மலையில் விமானம் மோதிற்று. ஊழியர் ஒன்பதின்மர் உட்பட 191 பேரும் மாண்டனர். இயந்திரக் கோளாறு அன்று காரணம். இருக்குமிடத்தைப் பிழையாகக் கணித்ததே காரணம். இஹ்ராம் உடுத்தக் காத்திருந்தவர்களுக்குக் கஃபனும் முழுமையாக வாய்க்கவில்லை.

இதற்கு மூன்று நாள் முன்னர்தான் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இவ்வாறே ஒரு விமானம் மலையில் மோதி 92 பேர் இறந்தனர். அதன்பின் அந்நாட்டுப் பயணி விமானங்களில் தரையண்மை எச்சரிக்கைக் கருவி கட்டாயமாக்கப்பட்டது. டான் பேட்மன் என்னும் கனடா நாட்டுப் பொறியாளர் உருவாக்கிய கருவி அது. விமானத்தின் வயிற்றிலிருந்து நேர்கீழே வானொலி அலையைச் செலுத்தி, அது திரும்பும் நேரத்தைக்கொண்டு தரையின் அண்மையை அறியும். அண்மை அளவு மீறினால் 'புல் அப்' என்று, மேலே எழும்புமாறு கூவும். நேர்கீழே மட்டும் நோக்குவதே அதன் குறை. எதிரே செங்குத்தாக ஒரு மலை நின்றால், அது காலடிக்கு வரும்வரை கருவிக்குத் தெரியாது. 1979 நவம்பர் 28 அன்று அண்டார்க்டிகாவின் எரபஸ் மலையில் நியூசிலாந்து விமானம் மோதியபோது, எச்சரிக்கை ஒலித்தது ஏறக்குறைய ஆறு நொடிகளுக்கு முன்னர்தான். தலைமை விமானி பதறாமல் முழு விசை கேட்டார். செய்யவேண்டியதைச் செய்தும் 257 உயிர்களுள் ஒன்றும் மிஞ்சவில்லை.

1990களில் பேட்மனின் குழுவினர் அக்குறையைப் போக்கினர். உலக நிலப்பரப்பின் உயர அளவுகளையெல்லாம் கருவிக்குள் பதித்து, விமானத்தின் இருப்பிடத்தோடு ஒப்பிடச் செய்தனர். இதற்கென, சிதைந்துபோன சோவியத் ஒன்றியத்தின் நிலப்படங்களையும் விலைகொடுத்து வாங்கினராம். போருக்கென வரைந்தவை பயணிகளைக் காக்க வந்தது வியப்பன்றோ! இன்று, மோதலுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் முன்பே 'டெரெய்ன்' என்று குரல் எழும்.

ஆயினும் குரல் எழுவது வேறு. அதற்குச் செவிசாய்ப்பது வேறு. மேகத்துள்ளோ இரவிலோ 'புல் அப்' ஒலித்தால் விமானி காரணம் ஆராயலாகாது. தானியங்கியை விலக்கி, இறக்கைகளைச் சமன்செய்து, முழு விசை கொடுத்து மூக்கை உயர்த்த வேண்டும். ஆராய்ச்சியெல்லாம் ஆபத்து நீங்கிய பின்னரே. தொடக்கக் காலக் கருவிகள் பொய்யாகக் கூவியதும் உண்டு. அதனால் விமானிகளுக்கு அவற்றின்மேல் அவநம்பிக்கை படிந்தது. 1983 இல் மாட்ரிட் அருகே ஒரு விமானி அக்குரலை ஏற்றுச் செயற்படவில்லை. 181 பேர் மாண்டனர்.

நம் மாணவர்களின் தந்தையரும் தமையன்மாரும் வளைகுடாவிலிருந்து வந்துபோகும் வழியில் நிகழ்ந்ததையும் சொல்லியாக வேண்டும். 2010 மே 22 காலையில் துபாயிலிருந்து வந்த விமானம் மங்களூரில் ஓடுபாதை கடந்து பள்ளத்தில் வீழ்ந்தது. அங்கே மேகத்தின்மீது பழிசொல்ல இயலாது. மிகை உயரத்தில் வந்து விரைந்து இறங்கியது விமானம்; கருவி பலமுறை எச்சரித்தது; இறங்காமல் மீண்டும் மேலேறுமாறு துணைவிமானியும் சொன்னார். தலைமை விமானி கேளாது இறங்கினார். 158 பேர் இறந்தனர், எண்மர் பிழைத்தனர். விமானியறையிலும் மூத்தோர், இளையோர் உண்டு. இளையவர் சொல் மூத்தவர் செவியில் ஏறாத அறை எத்தகைய அறை என்பதை, வகுப்பறையில் நாள்தோறும் உயர்ந்த மேடையில் நிற்கும் நாம் எண்ணிப்பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

நம் தாயாரை உம்ராவுக்கு அழைத்துச்சென்று திரும்பியது ஒரு மழைக்காலம். கொச்சியை நெருங்கிய விமானம், சன்னலில் வெண்மையன்றி வேறொன்றும் தெரியாத நிலையில், திடீரெனப் பேரிரைச்சலோடு மேலேறிற்று. பயணிகள் துஆ ஓதினர். சற்று நேரத்தில் அச்சம் தணிந்ததும் முணுமுணுப்புத் தொடங்கியது. பக்கத்து இருக்கைப் பெரியவர், ஊர் பார்க்க இத்தனை நேரமா என்று சலித்துக்கொண்டார். தாயார் தஸ்பீஹ் உருட்டுவதை நிறுத்தாமல் அவரிடம், "எறங்கத் தெரியாமலா ஏத்திக்கிட்டுப் போறாரு? பேசாம இருங்க பாய்" என்றார்.

இருபது நிமிடம் கழித்து விமானம் இரண்டாம் முறை இறங்கியது. ஜம்ஜம் தண்ணீர்க் கேன்கள் வருவதற்குத்தான் அதைவிட நேரமாயிற்று.