கம்பியில் வந்த ஆறு

எங்கள் தெருமுனை டீக்கடையில் பேப்பர் வந்து விழுந்ததும் பெருசுகள் முதலில் தேடுவது அணை நீர்மட்டம் போடும் பத்தியைத்தான். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118 என்று முழுக் கொள்ளளவின் உயரம் அத்தனை பேருக்கும் மனப்பாடம். வேடிக்கை என்னவென்றால், இந்த அணைகளின் கால்வாய் ஒன்றுகூடக் கோவில்பட்டியை எட்டிப் பார்ப்பதில்லை. எங்களுடையது மானாவாரிப் பிழைப்பு. ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதைக் கரிசல் குடித்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தை நம்பியே உளுந்தும் பாசியும் சோளமும் பருத்தியும் தலையெடுக்கும். எங்களுக்கு அணை என்றால் காலுக்குக் கீழே கிடக்கிற அந்த மண்தான்.

இருந்தும் அந்தப் பத்தியைத் தேடுவதற்குக் காரணம் குடம். சீவலப்பேரியில் தாமிரபரணியிலிருந்து எடுக்கும் தண்ணீர்தான் குழாய்வழி எங்களுக்கு வருகிறது. பாபநாசத்தில் இன்றைக்கு எத்தனை அடி என்று தெரிந்தால், சித்திரையில் குழாயடிக்கு எத்தனை நாளுக்கொருதரம் போகவேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். கணக்கு பெரும்பாலும் தப்பாது.

அந்த எண்ணை எடுக்கிற ஆளைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. விக்கிரமசிங்கபுரத்தில் சித்தி வீட்டில் இரவு தங்கி, விடிந்ததும் அனுமதிக் கடிதத்தோடு பாபநாசம் சோதனைச்சாவடியில் நின்றேன். அதற்கு மேலே களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம். கயத்தாறு வரை வறண்ட காற்றும் காற்றாலையுமாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, முண்டந்துறை தாண்டியதும் தெரிகிற பச்சை கொஞ்சம் அதிகப்படிதான்.

பேப்பர் பாபநாசம் என்று போடும் காரையாறு அணைமேல் எனக்காகக் காத்திருந்தவர் ஒரு லஸ்கர். மதகு, ஷட்டர், கால்வாய் பார்க்கிற கடைநிலை ஊழியருக்கு இந்தப் பக்கம் அதுதான் பெயர். படை என்று பொருள்படும் பாரசீகச் சொல் எப்படியெல்லாமோ அலைந்து இங்கே வந்து ஒதுங்கியிருக்கிறது. இவரிடம் இருந்த படைக்கலம் ஒரு டார்ச் லைட்டும் ஒரு குறிப்பேடும்.

"கோயில்பட்டியில இருந்தா வாரிய? அங்க தண்ணி எப்படி?"

"எட்டு நாளைக்கு ஒருதரம், அண்ணாச்சி."

"அப்ப நல்லாப் பாத்துக்கிடுங்க" என்று சுவரில் அடிக்கணக்கு எழுதிய அளவுகோலைக் காட்டினார்.

காலை எட்டு மணிக்கு ஒரு தரம் பார்த்து எழுதினால் முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. மேற்கே மலையிடுக்கிலிருந்து காற்று இறங்கியபடி இருக்க, அலை ஏறுகிறது, இறங்குகிறது. ஏறும்போது பார்த்தால் ஓர் எண், இறங்கும்போது பார்த்தால் வேறொன்று. அவர் அவசரப்படவில்லை. ஏழெட்டு அலையை விட்டுப்பிடித்து, ஏறுகிற கோட்டுக்கும் இறங்குகிற கோட்டுக்கும் நடுவே ஒரு கோட்டைக் கண்ணாலேயே இழுத்தார். 112 அடியும் கொஞ்சமும். பிறகு மழைமானிக் குப்பியை எடுத்துப் பார்த்து, சொட்டில்லை என்று கவிழ்த்தார். இரண்டையும் போனில் கீழே சொன்னார். நான் பிறந்ததிலிருந்து பேப்பரில் படித்துவரும் எண் இப்படி ஒரு மனிதர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அலையிடம் பொறுமை காத்துப் பெறுவது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

எதிரே தண்ணீர் மலையின் மடிப்புக்குள் வளைந்து வளைந்து போகிறது. அதற்கு அப்பால் இஞ்சிக்குழியில் காணிப் பழங்குடியினரின் குடியிருப்பு. அரிசி, பருப்பு வாங்க அவர்கள் இந்த நீரைத்தான் கடந்து வரவேண்டும். ஒரு காலத்தில் பாணதீர்த்த அருவிக்குச் சுற்றுலாப் படகும் இதே நீரில்தான் ஓடியது. பக்கத்துச் சேர்வலாறு அணையை ஒரு சுரங்கம் இதனோடு இணைக்கிறது. லஸ்கர் சொன்ன மாதிரியே சொன்னால், "ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு கொடுத்து வாங்கிக்கிடும், அக்கா தங்கச்சி மாதிரி."

மேலணையான காரையாற்றில் திறந்துவிடும் நீர் கீழணையில் தேங்கி, அங்கிருந்து ராட்சதக் குழாய்களில் மலைச்சரிவில் இறங்கிப் பவர் ஹவுசுக்குள் நுழைகிறது. 1944ல் மின்சாரம் எடுக்கத் தொடங்கிய இடம். நான்கு எந்திரங்கள். ஆதியில் ஒவ்வொன்றும் 7 மெகாவாட், பின்னால் புதுப்பித்து 8 ஆக்கி, இப்போது மொத்தம் 32. இன்றைய கணக்கில் இது சொற்பம். கயத்தாற்றுப் பக்கம் புதிதாக நிற்கும் பெரிய காற்றாடிகள் ஒரு பத்துப் பதினைந்து சேர்ந்தால் இந்த அளவு ஆகிவிடும். ஆனால் காற்றாடி காற்று வரும்போதுதான் சுற்றும். இதைக் கேட்ட நேரத்துக்கு, சில நிமிடத்தில் ஓடவிடலாம்.

உள்ளே போனதும் முதலில் தெரிவது சத்தமல்ல, செருப்பு வழியாக ஏறும் அதிர்வு. ஷிப்டில் இருந்த ஆபரேட்டருக்கு ஓய்வு பெறச் சில மாதம் பாக்கி. மணிக்கொரு தரம் பேரிங் சூடு, எண்ணெய் அழுத்தம், வோல்டேஜ், லோடு எல்லாவற்றையும் லாக் புக்கில் எழுதுகிறார். எழுதுவது சின்ன வேலை, ஒரு எண்ணை இன்னொரு எண்ணோடு ஒத்துப்பார்ப்பதுதான் வேலை என்றார். தண்ணீர் விடும் கதவு நேற்றுத் திறந்த அளவே திறந்திருக்க, லோடு மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தால், எங்கோ தடுப்புக் கம்பியில் இலையும் சுள்ளியும் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். மழைக்காலத்தில் காடே வந்து அதில் அடைந்துகொள்ளுமாம்.

"சில நேரம் டர்பைனுக்குள்ள கூழாங்கல்ல உருட்டுத மாதிரி சத்தம் வரும். உள்ள கல்லே கிடையாது. தண்ணியில குமிழி உண்டாகி உடையுதது. விட்டுவச்சா இரும்பையே அரிச்சுத் தின்னுரும்."

எனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும்போல் இருந்தது. அவருக்கு அது கேட்காதிருக்க வேண்டும். பேச்சை மாற்றினேன். அணையில் தண்ணீர் இருக்கும்போது ராப்பகலாக ஓட்டிவிடலாமே என்றேன்.

"அது எங்க தண்ணியா? வயலுக்குப் போற தண்ணி. போற வழியில நாங்க கொஞ்சம் வேலை வாங்கிக்கிடுதோம், அவ்வளவுதான்."

கார், பிசானம் என்ற இரண்டு நெல் போகத்துக்கும் எவ்வளவு திறக்கிறார்களோ அவ்வளவுதான் இங்கே ஓட்டம். வேலை முடித்த நீர் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகளைக் கண்டு போகிறது. நடுவழியில் சீவலப்பேரியில் ஒரு பங்கு எங்கள் குழாயில் ஏறுகிறது. ஆக, கரிசலுக்கு இந்த நீர் இரண்டு தரம் வருகிறது: முதலில் மின்கம்பியில், அப்புறம் குழாயில்.

இதற்கு முன் வழி தலைகீழாக இருந்தது. 1885ல் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் நூற்பாலை போட்டது அருவியின் வேகத்தை நம்பித்தான். அன்று கரிசலின் பருத்தி மாட்டுவண்டியில் ஆற்றைத் தேடிப் போனது. கம்பி வந்த பிறகு ஆறு பருத்தியைத் தேடி வந்தது. ஆலைக்கு மட்டுமா, கிணற்றடிக்கும் வந்தது. கமலை கட்டி இறைத்த இடத்தில் பம்புசெட் உட்கார்ந்தது. அந்த மின்சாரத்துக்கு என்ன விலை என்ற வழக்கில்தான் 1972ல் கோவை வீதிகளை விவசாயிகளின் கட்டைவண்டிகள் அடைத்தன. அந்தப் போராட்டத்தை முன்நின்று நடத்திய விவசாயிகள் தலைவர் நாராயணசாமி நாயுடுவின் உயிர் 1984 டிசம்பரில் பிரிந்தது எங்கள் கோவில்பட்டியில்.

திரும்பும்போது ஆபரேட்டர் வாசல்வரை வந்தார். ஓய்வுக்குப் பிறகு என்ன செய்வதாக யோசனை என்று கேட்டேன். "முதல்ல சத்தமில்லாம தூங்கிப் பழகணும்" என்றார்.

மறுநாள் காலை டீக்கடை. பாபநாசம் 112.4 என்று போட்டிருந்தது. அடுத்த பெஞ்சுப் பெரியவர், "நேத்தைக்கு இன்னைக்கு அரையடி கொறஞ்சிருக்கே, சரியாப் பாக்கானுவளா என்னமோ" என்று பேப்பரை மடித்தார். நான் அவருக்கு அலையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் தெருவில் யாரோ தண்ணீர் வந்துவிட்டது என்று கத்த, டம்ளரை வைத்துவிட்டு இரண்டு பேரும் எழுந்து ஓடினோம்.