கிராங்க் தரும் கடிகாரம்

எஞ்சின் சோதனைக் கூடத்தில் சிலிண்டர் அழுத்தம் கிராங்க் ஷாஃப்ட்டின் கோணத்தோடு சேர்த்தே பதிவாகிறது. அழுத்தத்தை அளந்து பதியும் டேட்டா அக்விசிஷன் கார்டுக்குச் சொந்தக் கடிகாரம் உண்டு. அது சீராகத் துடிக்கும். எஞ்சினோ ஒரே சுற்றுக்குள்ளும் சீராக ஓடாது: அமுக்கும்போது வேகம் தணியும், எரியும்போது ஏறும். ஆகவே அளக்கும் தருணத்தைக் குறிக்கும் துடிப்பு ஷாஃப்ட்டிலிருந்தே எடுக்கப்படுகிறது.

ஷாஃப்ட் முனையில் பொருத்தும் என்கோடர் சுற்றுக்கு 360 துடிப்புகளும், இசட் தடத்தில் ஒரே ஒரு துடிப்பும் தரும். முதல் வகை கார்டுக்கு வெளிக் கடிகாரம்: டிகிரிக்கு ஓர் அளவீடு. நிமிடத்துக்கு 800 சுற்றில் நொடிக்கு 4,800 அளவீடுகள், 3,000 சுற்றில் 18,000. வேகம் எதுவானாலும் நான்கு வீச்சுகளுக்கு 720 புள்ளிகள்தான். இசட் துடிப்பு டிரிக்கர். பதிவு எந்தக் கோணத்தில் தொடங்க வேண்டும் என்பதை அது முடிவு செய்கிறது. நான்கு வீச்சுக்குள் அது இருமுறை வரும். எது அமுக்க வீச்சின் உச்சி, எது வெளியேற்ற வீச்சின் உச்சி என்று பிரிக்க கேம் ஷாஃப்ட் சென்சார் துணை நிற்கிறது.

நான் பார்த்த கூடத்தில் டெக்னீஷியன்களின் உழைப்பு பெரும்பாலும் என்கோடர் கேபிளில்தான். துடிப்பை வாங்கும் கார்டின் டிடிஎல் உள்ளீட்டில் 0.8 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் தாழ்வு, 2 வோல்ட்டுக்கு மேலே போனால் உயர்வு. இக்னிஷன் காயிலின் இரைச்சல் கேபிளில் ஏறினால் கார்டு அதையும் துடிப்பாக எண்ணிவிடும். அதற்குப் பிந்திய அளவீடுகள் எல்லாம் ஒரு டிகிரி தள்ளிப்போகும். அதனால் உறையிட்ட முறுக்குக் கம்பி போட்டு, உறையை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்கிறார்கள். இரண்டு இசட் துடிப்புகளுக்கு நடுவே 360 இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்த பிறகே ஓட்டம் தொடங்கும்.

அடுத்த வேலை டிடிசி எனப்படும் பிஸ்டனின் உச்சி நிலையை இசட் துடிப்போடு பொருத்துவது. எரிபொருள் இல்லாமல் மோட்டாரால் சுற்றினாலும் அழுத்த உச்சம் டிடிசிக்குச் சற்று முன்பே வந்துவிடும். சிலிண்டர் சுவரில் வெப்பமும் ரிங் இடுக்கில் வாயுவும் கசிவதே காரணம். இந்த வித்தியாசத்தைக் கழிக்க வேண்டும். ஒரு டிகிரி பிசகினால் சராசரி அழுத்தக் கணக்கு 10 விழுக்காடு அளவுக்குக்கூட மாறலாம்.

கார்டின் இயல்பும் பார்க்கத்தக்கது. சிக்னலை எண்ணாக்கும் மாற்றி ஒன்றையே பல சேனல்கள் பகிரும் கார்டில் சேனல்கள் வரிசையாகவே அளக்கப்படும். 3,000 சுற்றில் 10 மைக்ரோநொடித் தாமதம் 0.18 டிகிரி. டெல்டா-சிக்மா மாற்றிக்குச் சீரான கடிகாரம் வேண்டும் என்பதால் ஏறி இறங்கும் ஷாஃப்ட் துடிப்பு ஒத்துவராது. எஞ்சின் நின்றால் துடிப்பும் நிற்கும். கார்டு காத்துக்கொண்டே இருக்கும். காத்திருப்புக்கு ஒரு கால வரம்பை மென்பொருளில் வைத்துவிடுகிறார்கள்.