மாத வருமானம் என்னும் கட்டம்

"மாசம் எவ்வளவு வரும்?" என்று நீதிபதி கேட்டார்.

"பன்னிரண்டாயிரம், மேடம்."

"சொந்தக் கடையா?"

"அம்மா பேர்ல இருக்கு. நான் கூலிக்குத்தான் இருக்கேன்."

டூவீலர் மெக்கானிக். நகக்கண்ணில் கிரீஸ் படிந்த கையைப் பின்னால் கட்டியிருந்தான். இரண்டடி தள்ளி நின்ற அவன் மனைவி தலை நிமிரவில்லை. தோளில் நிறம் வெளுத்த கவுனுடன் அவளுடைய வக்கீலம்மா எழுந்து வங்கி ஸ்டேட்மென்ட்டை நீட்டினார். மஞ்சள் கோடு போட்ட வரிகள்: 450, 1,200, 300, 850. ஞாயிறு தவிர எல்லா நாளும் ஜிபேயில் வந்த பணம்.

"கஸ்டமருங்க போடறது. அம்மாகிட்ட குடுத்துருவேன்."

"புது பைக்குக்கு மாசத் தவணை 7,200 போகுதே. மிச்சத்துல குடும்பம் நடத்துறீங்களா?"

அவன் தன் வக்கீலைப் பார்த்தான். தானாக வாங்கிக்கொண்ட கடனைக் காட்டி வருமானத்தைக் குறைக்க முடியாது என்பது அந்த வக்கீலுக்கும் தெரியும். அவர் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும் என்றது. இந்தச் சட்டத்துறையில் நடந்த பெரிய நன்மை அது என்றே நினைக்கிறேன். ஆனால் கடை யார் பேரில் இருக்கிறது என்ற கேள்விக்கு அந்தப் பத்திரமும் தடுமாறுகிறது. சம்பளச் சீட்டு உள்ளவனிடம் வேலை சுலபம். கையில் காசு வாங்குகிறவனின் வருமானத்தை மனைவிதான் தோண்டி எடுத்துத் தர வேண்டியிருக்கிறது.

அடுத்து அவள் முறை. அவன் வக்கீல் கேட்டார்: "தையல் தெரியும்தானேம்மா?"

"தெரியுங்க. புடவைக்கு ஃபால் அடிப்பேன். மாசம் நாலாயிரம் வரும். தீபாவளிக்குக் கொஞ்சம் கூட வரும்."

தீபாவளியை யாரும் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். அவள் பத்திரத்தில் வீட்டு வாடகை, மகளின் பள்ளிக் கட்டணம், ஆட்டோ, இன்ஹேலர் என்று வரிசையாக எழுதியிருந்தது. இன்ஹேலர் யாருக்கு என்று கேட்டார்கள். வாடகைக்கு ரசீது உண்டா என்றார்கள். தன் இல்லாமையை ஊர் பேர் தெரியாதவர்கள் நடுவில் தொகை தொகையாகச் சொல்லி நிற்பது எவ்வளவு கொடுமை! ஒரு பெண் பிழைத்துக் கிடக்கக் கொஞ்சம் சம்பாதிப்பதாலேயே ஜீவனாம்சம் இல்லாமல் போகாது என்று 2007-இல் சதுர்புஜ் வழக்கிலேயே தீர்ப்பாகிவிட்டது. இருந்தும் அந்தத் தையல் கேள்வியை இன்னும் விடுவதில்லை.

மதியத்துக்கு மேல் உத்தரவு. மனைவிக்கு 6,000, மகளுக்கு 3,000, மனு போட்ட நாளிலிருந்து. அந்தக் கடைசிச் சொற்கள்தான் முக்கியம். இடைக்கால ஜீவனாம்ச மனுவை, நோட்டீஸ் சேர்ந்து 60 நாளுக்குள் முடிந்தவரை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். இங்கே நோட்டீஸ் திரும்பி வந்தது, கவுன்சலிங், பதில் மனுவுக்கு வாய்தா என்று 14 மாதம் ஓடிவிட்டது. பாக்கி 1,26,000 ரூபாய்.

வராண்டாவில் வக்கீலம்மா அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்: "கட்டலைன்னா ஒரு வருஷத்துக்குள்ள மனு போடணும்மா. ஒவ்வொரு மாசப் பாக்கிக்கும் ஒரு மாசம் வரைக்கும் ஜெயில்ல போடலாம். உள்ள போய்ட்டு வந்தாலும் கடன் தீராது."

"அவர் உள்ள போய்ட்டா பாப்பாவுக்கு ஃபீஸ் யாருங்க கட்டுவா?"

வக்கீலம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "முதல்ல அவர் அக்கவுண்டை ஜப்தி பண்ணக் கேப்போம். உங்க பாஸ்புக் ஜெராக்ஸ் நாளைக்கே கொண்டாந்துருங்க" என்றார்.