லெட்ஜர் சாருக்கு வயசாகிவிட்டதா?

ஜூலை மாதம் பிறந்தால் ‘எழுத்தாளன்’ பட்டத்தைக் கழற்றி ஹேங்கரில் மாட்டிவிடுவேன். பத்திரிகை சன்மானத்தில் வாடகை கட்ட முடியாது என்பது என்னைவிட என் வீட்டுக்காரருக்கு நன்றாகத் தெரியும். நல்ல வேளை, பி.காம். படித்து வைத்தேன். வருமான வரி சீசனில் பட்டினப்பாக்கத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் மூன்று வாரம் எடுபிடி வேலை. (எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். முழுசும் படித்தால் காரணம் புரியும்.)

பஸ் டெர்மினஸில் இறங்கினாலே கடல் காற்று சட்டைக்குள் புகுந்து குசலம் விசாரிக்கும். காற்று இலவசம்தான். ஆனால் வட்டியாக இரும்பை எல்லாம் வாங்கிக்கொள்ளும். ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், ஸ்டேப்ளர்... அந்த ஆபீஸில் துருப்பிடிக்காதது இரண்டே இரண்டு. ஒன்று, ஆடிட்டர் நாக்கு. இன்னொன்று, லெட்ஜர் சார்.

லெட்ஜர் சார் என்பது நாங்கள் வைத்த பெயர். வயது ஐம்பத்தெட்டு. பேரேட்டுப் புத்தகத்தில் ஆரம்பித்து டாலிக்கு மாறியவர். கீபோர்டைப் பார்க்காமலே எஃப்5, எஃப்8, எஃப்9 என்று விரல்கள் தாயம் ஆடும்.

2023 ஜூலை 10, திங்கட்கிழமை. எனக்கு மூலையில், பரணுக்குக் கீழே, சர்வர் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள். செல்போனுக்கு சார்ஜர் போட இடம் பார்த்துச் செட்டில் ஆனேன்.

அந்த வாரமே பிரச்னை ஆரம்பித்துவிட்டது. சர்வர் ஆமையானது. எல்லோருடைய டாலியும் அதில்தான் ஓடுகிறது. லெட்ஜர் சார் எஃப்8 அழுத்திவிட்டுக் கபாலீஸ்வரரை ஒரு தரம் நினைத்துக்கொள்வார். அப்புறம்தான் வவுச்சர் திறக்கும். பையன்கள் கெட்டிக்காரர்கள். டேட்டாவைக் காப்பி பண்ணிக்கொண்டு வீட்டு லேப்டாப்பில் முடித்துவிட்டு வந்தார்கள். லெட்ஜர் சாருக்கு லேப்டாப் ஏது? ஒரு நாளைக்கு பன்னிரண்டு ரிட்டர்ன் முடித்தவர் நான்குக்கு இறங்கினார்.

ஆடிட்டர் கணக்குப் பார்த்தார். கெடு ஜூலை 31.

“உங்களுக்கும் வயசாயிடுச்சு சார். இந்த சீசன் முடிஞ்சதும் ஆகஸ்ட்லேர்ந்து வீட்ல ரெஸ்ட் எடுங்களேன்...”

லெட்ஜர் சார் பதில் பேசவில்லை. கண்ணாடியைத் துடைத்தார். அடுத்த நாள் காலை ஏழரைக்கே வந்து உட்கார்ந்திருந்தார். ராத்திரி ஒன்பதுக்குத்தான் எழுந்தார். அப்போதும் ஆறுதான் முடிந்தது.

பி.காம்.காரர்களுக்கு சஸ்பென்ஸ் அக்கவுண்ட் ஞாபகம் இருக்கும். டிரயல் பேலன்ஸ் ஒத்துப்போகவில்லை என்றால், தப்பு எங்கே என்று தெரிகிறவரை வித்தியாசத்தை அதில் போட்டு வைப்போம். அந்த இரண்டு வாரம் மனுஷன் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் கிடந்தார்.

வைத்தியங்கள் நடக்காமல் இல்லை. வைரஸ் என்றார்கள், தேடினார்கள், இல்லை. மெமரி போதாது என்று புதிசு வாங்கிப் போட்டார்கள். பணம் போனதுதான் மிச்சம். சர்வருக்கு ஒரு எலுமிச்சம்பழமும் சுற்றப்பட்டது.

22-ம் தேதி சனிக்கிழமை சர்வீஸ் தம்பி ஒருத்தர் வந்தார். மற்றவர்கள் மாதிரி உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவில்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“சார், எல்லாரும் 100 பர்சன்ட்டைப் பார்த்துட்டு வேலை ஜாஸ்தின்னு நினைச்சிருக்கீங்க. கீழே ஸ்பீடைப் பாருங்க.”

பார்த்தேன். 2.40 கிகா ஹெர்ட்ஸ் ஓட வேண்டியது 0.79-ல் நின்றது. நொடிக்கு 240 கோடி துடிப்பு துடிக்க வேண்டிய ப்ராசஸர், 80 கோடிகூட இல்லாமல் துடிக்கிறது! முழு மூச்சாகத்தான் உழைக்கிறது. மூச்சுதான் மூன்றில் ஒரு பங்கு.

“சூடா இருக்குமோ?” என்றேன், விஷயம் தெரிந்தவன் மாதிரி.

சூடானால் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாம். பழைய காலத்தில் இந்தப் புத்தி எல்லா சிப்புக்கும் கிடையாது. 2001-ல் டாம்ஸ் ஹார்ட்வேர்காரர்கள், ஓடிக்கொண்டிருக்கும்போதே மேலே இருக்கும் ஹீட் சிங்க்கைக் கழற்றிப் பரிசோதித்தார்கள். ஏஎம்டி அத்லான் கருகிப்போனது. இன்டெல் பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்தது.

தம்பி மூடியைத் திறந்தார். விசிறியில் உப்பும் தூசியுமாக அப்பளம் மாதிரி ஒரு படலம். ‘ஆஹா, கடல் காற்றுதான் குற்றவாளி!’ என்று எல்லோரும் மூச்சு விட்டோம். தம்பி பிரஷ் போட்டுத் துடைத்து மறுபடி ஓட்டினார். அதே 0.79. சூடு வெறும் 45 டிகிரி.

“காய்ச்சலே இல்ல சார். ஆனா காய்ச்சல்னு யாரோ இதுகிட்ட சொல்றாங்க.”

ப்ராக்ஹாட் என்று ஒரு கம்பி இருக்கிறதாம். ப்ராசஸர் சூடு என்று அர்த்தம். அது இருவழிப்பாதை. ‘எனக்குச் சூடு’ என்று ப்ராசஸரும் சொல்லலாம்; வெளியிலிருந்து மற்ற பாகங்களும் அதனிடம் ‘அடக்கி வாசி’ என்று சொல்லலாம். கரண்ட் போதாதபோது சில சர்வர்களில் இப்படிச் சொல்லுமாம். ப்ராசஸர் ஏன், எதற்கு என்று கேட்காது. கீழ்ப்படிந்துவிடும்.

“இதுக்கு ரெண்டு பவர் சப்ளை உண்டு. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு தாங்கும். ஆனா முழு லோடையும் ஒண்டியாத் தாங்காதுன்னு, ஸ்பீடைக் குறைச்சுடும்” என்றபடி டார்ச்சோடு பரணுக்குக் கீழே நுழைந்தார்.

எனக்கு வயிற்றுக்குள் எஃப்8 அழுத்தியது.

“இங்க ஒரு கேபிளைப் பிடுங்கிப் போட்டிருக்கு. அந்தப் பாயின்ட்ல... இந்த செல் சார்ஜர் யாருது சார்?”

ஒன்பது பேர். மௌனம். வெளியே மீன்காரம்மா கூவியது தெளிவாகக் கேட்டது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாளே பார்த்தேன். ஒரே மிஷினுக்கு இரண்டு கேபிள். வணிகவியல் மூளை ‘இது வீண் செலவு’ என்றது. ஒன்றைப் பிடுங்கினேன், சர்வர் நிற்கவில்லை. பின்னால் ஓர் ஆரஞ்சு விளக்கு மட்டும் சிமிட்டியது. அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். எல்லா போனுக்கும் பொருந்துகிற சாதாரண சார்ஜர்தான். லெட்ஜர் சார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. டோட்டலில் ஒரு ரூபாய் உதைத்தால் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

“என்னுது” என்றேன்.

கேபிளைச் செருகிய சில நொடியில் 2.40 தாண்டியது. ஆடிட்டர் அறைக்கு நானே போய்ச் சொன்னேன். அவர் சொன்னதை எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். புது மெமரியின் விலை என் சம்பளத்தில் கழிந்தது. நியாயம்தான். லெட்ஜர் சாரிடம் அவர் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. ஆகஸ்ட் பேச்சையும் அப்புறம் எடுக்கவில்லை.

சாயங்காலம் டீக்கடையில் லெட்ஜர் சாரிடம், “மன்னிச்சுக்குங்க சார்” என்றேன்.

“நானே நம்பிட்டேன் தம்பி” என்றார், டீயை ஆற்றிக்கொண்டே. “வீட்ல சொல்லிட்டேன், எனக்குக் கை ஸ்லோவாயிடுச்சுன்னு.”

டீக்குக் காசு என்னைக் கொடுக்க விடவில்லை.

அடுத்த வருஷம் ஜூலையில் மறுபடி போனேன். என் மேஜை, ரூமின் எதிர் மூலைக்கு மாறியிருந்தது. மேலே புத்தம் புது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதில் லெட்ஜர் சாரின் முத்து முத்தான கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: ‘எழுத்தாளருக்கு மட்டும்.’