எதிர்க்குழுவின் பலாபலம்

உதைபந்தாட்டப் பருவம் தொடங்க இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. பிரிக்பீல்ட்ஸ் ஒட்டுக்கடைகளிலும் கிள்ளான் கடைத்தெருவிலும் இப்பொழுது நடக்கும் பேச்சு ஒன்றேதான்: இவ்வருஷமாவது ஜொகூர் டாருல் தாக்சிம் தோற்குமா? நாம் பிறப்பாலும் வளர்ப்பாலும் சிலாங்கூர் கட்சி. எதிர்க்குழுவைப் பற்றி நாம் எழுதினால் அது பட்சபாதமின்றி இருக்குமா என்று நேயர்கள் சந்தேகிக்கலாம். அது நியாயமான சந்தேகமே. ஆயினும் சொந்தக் குழுவைப் புகழ்வதற்கு அறிவு வேண்டியதில்லை, எதிர்க்குழுவை அளப்பதற்கே அறிவு வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

முதலில் நமது பெருமையைச் சொல்லி முடித்துவிடுவோம். 1921ஆம் ஆண்டில் 'மலாயா' என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மாலுமிகள் இந்நாட்டிற்கு ஒரு கிண்ணத்தை வழங்கினர். அதுவே இன்றைய மலேசியக் கிண்ணத்தின் ஆரம்பம். முதல் இறுதிப் பந்தயத்திலேயே சிலாங்கூர் ஆடியது, சிங்கப்பூரிடம் தோற்றது, அடுத்த வருஷமே வென்றது. இதுவரை 33 தடவை வென்றிருக்கிறோம். வேறெந்தக் குழுவும் இத்தனை தடவை வென்றதில்லை. நம் தந்தையார் மெர்டேக்கா ஸ்டேடியத்திற்குத் தோட்டத்து லாரியில் சென்று, கோல் காவலர் ஆறுமுகத்தின் நீண்ட கைகளைப் பார்த்து வந்தவர். 'ஸ்பைடர்மேன்' என்று நாடே அழைத்த அவ்வீரர் 1988இல் வாகன விபத்தில் மறைந்த செய்தி வந்த அன்று, லயத்தில் பல வீடுகளில் அடுப்பு மூட்டவில்லை என்று தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

ஆனால் பழம்பெருமை பந்தை உதைக்காது. நாம் கடைசியாக லீக் பட்டம் பெற்றது 2010இல். கடைசியாக மலேசியக் கிண்ணத்தைத் தூக்கியது 2015இல், ஷா ஆலாமில் கெடாவை 2-0 என்று வென்றபோது. அன்று தந்தையாரும் நாமும் ஒரே வரிசையில் அமர்ந்திருந்தோம். அந்த ஸ்டேடியமே இன்று இல்லை. 2024இல் இடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

இனித் தென்புலிகளின் கணக்கைப் பார்ப்போம். 2013இல் புதுப் பெயரும் புது நிர்வாகமும் பெற்ற அக்குழு, 2014 தொடங்கி 2024-25 பருவம் வரை சூப்பர் லீக் பட்டத்தை ஒருமுறையும் கைவிடாமல் 11 தடவை வென்றது. 2015இல் ஏ.எஃப்.சி. கிண்ணத்தை வென்றது, தென்கிழக்காசியக் குழுக்களில் அதை முதலில் வென்றது அதுவே. அன்று அக்குழுவின் தலைவராக நின்றவர் யார்? 2012 வரை நமது சிவப்புச் சட்டை அணிந்த சாஃபிக் ரஹிம்! நமக்காக ஓடிய குணாளனும் பின்னர் தெற்கே சென்று பல பருவங்கள் ஆடினார். 2024 ஆகஸ்டில் எஃப்.ஏ. கிண்ண இறுதிப் பந்தயத்தில் நம்மை 6-1 என்று அடித்தார்கள். புக்கிட் ஜாலிலிலிருந்து வீடு திரும்பும் வரை நாமும் நண்பர்களும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இத்தோல்விகளுக்கு நம்மவர் கூறும் சமாதானங்கள் பல. அவ்வருஷம் மே மாதத்தில் நமது வீரர் ஃபைசால் ஹாலிம் மீது ஆசிட் வீசப்பட்ட கொடுமையைச் சிலர் சொல்வர். அத்துயரம் உண்மை, அது நெஞ்சைச் சுட்டதும் உண்மை. ஆனால் ஆறு கோல்களும் அதனால் மட்டுமா வந்தன? இன்னும் சிலர், "அது அரச குடும்பத்துக் குழு, பணம் கொட்டுகிறது" என்பர். பணம் இருப்பது மெய்யே. ஆனால் பணம் ஒன்றே ஜெயிக்குமானால், பணத்தை வாரி இறைத்துக் கடனில் மூழ்கிய குழுக்கள் எங்கே போயின? மலாக்கா யுனைடெட்டும் சரவாக் யுனைடெட்டும் 2023 பருவத்தில் ஆட லைசென்சு பெற முடியாமல் போனதற்குக் காரணம் சம்பளப் பாக்கியும் கடனுமே.

இந்த விஷயத்தில் நமக்குச் சிறிது அனுபவம் உண்டு. செக்ரோல் எழுதுவது நமது தொழில். சம்பள நாள் ஒரு நாள் தள்ளிப்போனால் மறுநாள் பிரட்டுக் களத்தில் எத்தனை முகங்கள் குறையும் என்பது நமக்குத் தெரியும். குறித்த நாளில் கூலி, குறித்த நேரத்தில் பயிற்சி, முதல் குழுவுக்குப் பின்னால் இரண்டாம் குழு, அதற்குப் பின்னால் சிறுவர் குழு, 2020இல் திறந்த 40,000 பேர் அமரும் சொந்த ஸ்டேடியம்: இவைதாம் தென்புலியின் நகங்கள். இவற்றில் மந்திரமொன்றுமில்லை.

அப்படியானால் அவர்களுக்குக் குறையே இல்லையா? உண்டு. உள்நாட்டில் எதிர்ப்பின்றி ஜெயிப்பவனுக்கு இடர் வந்தால் தாங்கும் பழக்கம் குறைந்துபோகும். 2022இல் ஆசியச் சாம்பியன் போட்டியில் தம் பிரிவில் முதலிடம் பெற்றவர்கள், அடுத்த சுற்றில் ஜப்பானின் உராவாவிடம் 5-0 என்று வீழ்ந்தார்கள். 2025இல் தாய்லாந்தின் புரிராமிடம் ஒரே கோலில் வெளியேறினார்கள். ஆசியப் போட்டிகளுக்காக நெடுந்தூரம் பிரயாணம் செய்து களைத்து வரும் வாரங்களில் அவர்களை எதிர்ப்பவர்க்கு ஒரு வாசல் திறந்திருக்கும். ஆகவே நமது கணிப்பு இதுதான்: லீக் பட்டம் தெற்கேதான் போகும், நீண்ட பருவத்தில் ஒழுங்கே வெல்லும். கிண்ணம் ஒன்று மட்டும் ஒரு நல்ல இரவில் கைமாறலாம். அந்த இரவு கிளானா ஜெயாவில் வரவேண்டுமென்பது நமது ஆசை. ஆசையைக் கணிப்பென்று கூறமாட்டோம்.

இவ்வளவும் எழுதத் தூண்டியது ஒரு சிறு சம்பவம். சென்ற மாதம் நமது தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளியின் மனைவி ஆபீசுக்கு வந்தார். கையில் ஒரு விண்ணப்பத்தாள். பதின்மூன்று வயது மகனை ஜொகூரில் ஒரு பயிற்சிக் கூடத்தில் தேர்வுக்கு அழைத்திருக்கிறார்கள். "கிராணி ஐயா, இதைக் கொஞ்சம் எழுதிக் கொடுங்க" என்றார்.

தாளை வாங்கி மேஜை அறையில் வைத்தோம். இரண்டு நாள் எடுக்கவில்லை. வேலை அதிகம் என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். உண்மை வேறு. நம் தோட்டத்துப் பையன் அந்தச் சட்டையை அணிந்து நமக்கெதிராக ஓடுவதா என்ற எண்ணம் உள்ளே உறுத்தியது. மூன்றாம் நாள் அவ்வம்மையார் மறுபடி வந்தார். கோபிக்கவில்லை. ஒன்றுதான் கேட்டார்: "அங்கே பையனுக்கு நேரத்துக்குச் சோறு போடுவாங்களா, ஐயா?"

நமக்கு வெட்கமாயிற்று. ஆங்கிலப் பள்ளியில் படித்து, சாதி அபிமானம் கூடாது, குருட்டுப் பற்று கூடாது என்று சங்கக் கூட்டங்களில் பேசும் நாம், ஒரு சட்டையின் நிறத்திற்காக ஒரு சிறுவனின் வாழ்வை மேஜை அறையில் பூட்டி வைத்திருந்தோம்! அப்பொழுதே உட்கார்ந்து எழுதி, அன்று மாலையே கிள்ளானுக்குக் கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தோம்.

நேயர்களே, ஒரு காலத்தில் பந்தயச் செய்தியைத் திறந்தால் நம்மவர் பெயர்கள் வரிசையாக நிற்கும். இன்று தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்தியர் உதைபந்தாட்டச் சங்கத்தின் முயற்சியால் மிஸ்க்-மிஃபா என்ற குழு 2017இல் பிரிமியர் லீக்கில் இறங்கியது. பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயருடன் 2019இல் சூப்பர் லீக்கிற்கு ஏறியது. 2022 பருவத்தோடு விலகிவிட்டது. தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது லயங்களோடு திடல்களும் போயின. திடல் போனபின் ஆறுமுகங்கள் எங்கிருந்து வருவார்கள்? சிறுவருக்கு ஒரு திடலும், குறித்த நேரத்தில் ஒரு பயிற்சியும், வயிற்றுக்குச் சோறும் எவர் கொடுக்கிறாரோ அவரே நமக்கு வேண்டியவர். அவர் சட்டை எந்த நிறமாயினும் சரி.

தேர்வின் முடிவு இன்னும் வரவில்லை. பையன் தினமும் மாலையில் ஸ்டோர் சுவரில் பந்தை உதைத்துப் பழகுகிறான். அச்சத்தம் ஆபீஸ் வரை கேட்கிறது. அவன் தேறி, ஒருநாள் தென்புலியின் சட்டையில் கிளானா ஜெயாவில் நமக்கெதிராக ஒரு கோல் போடுவானாயின், நாம் சிவப்புச் சட்டையுடன் எழுந்து நின்று கை தட்டுவோம். அருகிலிருப்பவர்கள் திட்டட்டும், பரவாயில்லை. ஆனால் அன்று நாம் இரண்டு கோல் போடவேண்டும்.